உங்களுக்கு எப்படித் தெரியும்?

(செவிலியர் மாணவிகள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கடைசி வரிசைப் பிள்ளைகள் சாப்பாட்டு மணியைப் பார்ப்பது இங்கிருந்தே தெரிகிறது. சீக்கிரம் விட்டுவிடுகிறேன்.

நாற்பத்தொரு வயதில் நான் மறுபடியும் கல்லூரிக்குப் போனேன். டிப்ளமோ முடித்துப் பத்தொன்பது வருஷம் வார்டில் நின்றவள். முதலில் டிப்ளமோ நர்சுகளுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம், பிறகு எம்.எஸ்சி. இரண்டு வருஷம். எம்.எஸ்சி.யில் ஐந்து பிரிவுகள் உண்டு, உங்களுக்கே தெரியும். அதில் மனநல நர்சிங்கை எடுத்தேன். "குழந்தைகள் வார்டை விட்டுவிட்டு இதுக்கா போறே?" என்று கேட்காத ஆள் இல்லை. என் நாத்தனார் இன்னும் ஒருபடி மேலே போய், "அங்க போனா உனக்கும் ஒட்டிக்குமா?" என்றார். சிரிக்காதீர்கள். உங்களில் சிலர் வீட்டிலும் இதே கேள்வி காத்திருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது. இருநூறு வருஷம் தாண்டியும் நம் ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்றால் கிண்டல்தான்.

ஏன் போனேன் என்றால், ஒரு பெண்ணால்.

மெடிக்கல் வார்டில் விஷ கேஸ் வராத வாரம் கிடையாது. டியூப் போட்டு வயிற்றைக் கழுவுவோம், சலைன் ஏற்றுவோம். கழுவும்போதே திட்டவும் செய்வோம். "பெத்தவங்கள நெனச்சுப் பாத்தியா?" நானும் திட்டியிருக்கிறேன், நன்றாகவே திட்டுவேன். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். நாலு மாதத்தில் அதே வார்டுக்குத் திரும்பி வந்தாள். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுடைய பழைய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு எல்லாம் மணிக்கணக்கு வைத்து எழுதியிருந்தோம். என்னம்மா நடந்தது என்று யாரோ கேட்டதற்கு அடையாளமாக ஒரு வரிகூட இல்லை. அதில் பாதிக் கையெழுத்து என்னுடையது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. வகுப்பில் அதைப் படித்தபோது நான் திட்டிய முகங்கள்தான் வரிசையாக வந்தன. நீங்கள் எந்த வார்டுக்குப் போனாலும் 14416 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ் உதவி எண், காசு கிடையாது.

படிப்பு கஷ்டமா என்று கேட்பீர்கள். ஆங்கிலப் புத்தகம் கஷ்டம், மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதினால் விரல் மரத்துப்போகும். அவ்வளவுதான். வயது சில இடத்தில் கைகொடுக்கவும் செய்தது. அக்னி நட்சத்திர வெயிலில், மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, கை நடுக்கம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிட்டேன். ரத்தத்தில் லித்தியம் 0.6-இலிருந்து 1.2 வரை இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் விஷம். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பரிசோதனையில் அளவு எகிறித்தான் இருந்தது.

ஆனால் அதே பத்தொன்பது வருஷம்தான் காலையும் வாரியது.

புராசஸ் ரெக்கார்டிங் என்று ஒரு நோட்டு எழுத வேண்டும். நோயாளி சொன்னது ஒரு பத்தி, நான் சொன்னது ஒரு பத்தி, நான் புரிந்துகொண்டது இன்னொன்று. நர்சுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவே சிகிச்சை என்று ஹில்டெகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க நர்ஸ் 1952-இல் எழுதினார். அவர் வழியில் வந்த பயிற்சி இது. ஒரு அம்மா என்னிடம், "எம் பையன் பாக்க வருவானா சிஸ்டர்?" என்றார். நான், "கண்டிப்பா வருவான்மா, கவலப்படாதீங்க" என்றேன். அப்படியே எழுதினேன். நோட்டைத் திருத்தும் எங்கள் ஆசிரியை, மேடம், என்னைவிட ஒன்பது வயது இளையவர். அதன் பக்கத்தில் சிவப்பு மையில், 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று எழுதியிருந்தார்.

கோபம் வந்தது. "ஒண்ணும் ஆகாது", "சரியாயிடும்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவள் நான். அந்த வாரம் நோட்டில் பதினோரு இடத்தில் சிவப்பு.

அடுத்த வாரம் அந்த அம்மா மறுபடி அதையே கேட்டார். வாயை அடக்கிக்கொண்டு, "வருவானான்னு நெனச்சுக்கிட்டே இருக்கீங்களாம்மா?" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "வந்து அந்த வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவானோன்னு பயமா இருக்கு" என்றார். நான்தான் கண்டிப்பா வருவான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். மனநிலைப் பரிசோதனையில் ஒரு பழமொழி சொல்லிப் பொருள் கேட்போம். உட்பொருளைப் பிடிக்கிறாரா, சொல்லோடு நின்றுவிடுகிறாரா என்று பார்க்க. அறுபது வயதுக்காரர் ஒருவரிடம், "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்னா என்னங்கய்யா?" என்றேன். "நகராதும்மா. அடிச்சா புள்ளிதான் விழும்" என்றார். உட்பொருள் புரியவில்லை என்று குறித்தேன். மேடம் படித்துவிட்டு, "அவர் என்ன வேலை பார்த்தார்?" என்றார். கேஸ் ஷீட்டில் கூலி என்று இருந்தது. நான் கேட்கவில்லை.

மறுநாள் கேட்டேன். தெருத்தெருவாக சைக்கிளில் போய் அம்மி கொத்துகிறவர். "அந்தப் பழமொழியா? விடாம செஞ்சா நடக்கும்னு சொல்றது. நீங்க அம்மியப் பத்திக் கேக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். அப்புறம் அவரே பேச ஆரம்பித்தார். தேய்ந்த அம்மியில் மிளகாய் அரைபடாதாம், வழுக்குமாம். பழகப் பழக வழவழப்பு ஏறும், வருஷத்துக்கு ஒருமுறையாவது உளி பட வேண்டும் என்றார்.

"உங்க வீட்டு அம்மி கொத்தி எத்தன வருசமாச்சு?" என்று என்னைக் கேட்டார். அது கொல்லையில் குப்புறக் கிடக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.