அச்சம் இருக்கும் இடத்தில் அறிவுரை செல்லாது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் என் வணக்கம். நகரங்களில் மிதிவண்டி ஓட்டுவோர் பெருக முதலில் வேண்டியது விழிப்புணர்வா, பாதுகாப்பான பாதையா என்ற இன்றைய கேள்விக்கு, பாதையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

உடல்நலம், எரிபொருள் சேமிப்பு, தூய காற்று என்று எதிரணித் தலைவர் அடுக்கிய நன்மைகளில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால், நடுவர் அவர்களே, இவற்றை அறியாதவர் இந்த அவையில் யார் இருக்கிறார்கள்? அறிந்திருந்தும் நாம் மிதிவண்டியை எடுக்கத் தயங்குவது, முதுகுக்குப் பின்னால் ஒலியெழுப்பி உரசிக்கொண்டு போகும் லாரிக்கு அஞ்சித்தான்.

நெதர்லாந்தில் எல்லோரும் மிதிக்கிறார்களே, அது அவர்கள் பண்பாடு என்றார் எதிரணித் தலைவர். அந்தப் பண்பாடே ஒரு காலத்தில் அழியும் நிலையில் இருந்தது. 1950களிலும் 60களிலும் கார்கள் பெருகப் பெருக அங்கும் மிதிவண்டிகள் சாலையிலிருந்து ஒதுங்கின. 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். 1973இன் பெட்ரோலிய எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு தனிப் பாதைகளை அமைக்கத் தலைப்பட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் கேட்டது விளம்பரப் பலகையை அல்ல, பாதையை.

அத்தகைய மரபு இல்லாத ஊர் என்ன செய்யும் என்று கேட்கலாம். ஸ்பெயினின் செவில் நகரம் 2006 தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள், கார் நிறுத்தும் இடங்களையும் எடுத்துக்கொண்டு, ஒன்றோடொன்று இணைந்த ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தனிப் பாதையை அமைத்தது. நாளொன்றுக்குச் சில ஆயிரமாக இருந்த மிதிவண்டிப் பயணங்கள் 60,000ஐத் தாண்டின. இணைந்த பாதை என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். சாலைச் சந்திப்பு வந்ததும் அறுந்துபோகும் பாதையை நம்பி எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள். தரையில் இழுத்த வெள்ளைக்கோடும் பாதை ஆகாது, அதன்மேல் கார் ஏறி நிற்கும். தனிப் பாதைக்கு இடமில்லாத குறுகிய தெருக்களில் வாகனங்களின் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்: மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டியின் இயக்க ஆற்றல், அதாவது மோதினால் தாக்கும் ஆற்றல், 30இல் வரும் அதே வண்டியுடையதைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு.

வாகன ஓட்டிகளுக்குப் பயிற்சி வேண்டும் என்ற எதிரணியின் கருத்தை ஏற்கிறேன். அது பாதைக்குத் துணையாகட்டும், மாற்றாக வேண்டாம்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் ஞாயிறுதோறும் மக்கள் திரண்டு மிதிப்பதை விழிப்புணர்வின் வெற்றி என்று எதிரணியினர் காட்டினர். 1974இல் தொடங்கிய அந்த வழக்கத்தில், 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளில் அன்று காலை முதல் மோட்டார் வாகனங்களை விடுவதில்லை. சனிக்கிழமை இருந்த அதே மனிதர்கள், அதே விழிப்புணர்வு. ஞாயிறன்று மாறியது சாலை ஒன்றுதான். அவர்களை வீதிக்கு அழைத்துவந்தது எது என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் விளக்க வேண்டுகிறேன்.