ஆவர்த்தன அட்டவணையின் அடிப்படை மூலகங்களின் இயல்பே

நடுவர் அவர்களே, வெள்ளவத்தையில் இம்மண்டபம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஆவர்த்தன அட்டவணைக்கு அடிப்படை, அணுக்கருவிலுள்ள புரோத்தன்களின் எண்ணிக்கையாகிய அணுவெண்ணா, மூலகங்களின் இயல்பா என்பதே இன்றைய வழக்கு. 1913 இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு அணுவெண்ணை நிறுவும்வரை அட்டவணை அத்திவாரம் இன்றி நின்றது என்றார் எதிரணித் தலைவர். 27 வயதிலேயே கலிப்பொலிப் போர்க்களத்தில் மாண்ட அந்த அறிஞரை நானும் வணங்குகிறேன். ஆயினும், அவர் வருமுன்னரே அட்டவணையின் நிரல்கள் அமைந்துவிட்டன என்பதை மறக்கலாகாது.

1869 இல் மெண்டலீவ் மூலகங்களை அணுத்திணிவின்படி அடுக்கியபோது, அவர் கையில் இருந்த கணக்கு தெலூரியத்துக்கு 128, அயடீனுக்கு 127. அதற்குக் கட்டுப்பட்டிருந்தால் அயடீன் தெலூரியத்துக்கு முன்னே வந்து, செலீனியத்தின் நிரலில் சேர்ந்திருக்கும். அவரோ குளோரீனையும் புரோமீனையும் போல நடந்துகொள்ளும் அயடீனை அந்த அலசன்களோடேயே வைத்துவிட்டு, தெலூரியத்தின் 128க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டார். தெலூரியம் 52, அயடீன் 53 என்னும் அணுவெண் ஒழுங்கு பின்னர் வந்து, இயல்பு முன்பே காட்டிய வரிசையை உறுதிசெய்தது.

மேலும், அணுவெண் 1 முதல் 118 வரை ஒரே நீண்ட வரிசையைத்தான் தரும். அதை எங்கே முறித்து அடுத்த நிரையைத் தொடங்குவது என்பதை அது தானாகச் சொல்லாது. அணுவில் இலத்திரன்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையாகிய இலத்திரன் நிலையமைப்பு சொல்லுமே என்பீர்கள். அது இயல்புக்கான விளக்கம். சோடியமும் பொற்றாசியமும் நீருடன் ஒன்றுபோலச் சீறுவதைக் கண்டவர்கள் இலத்திரனை அறியாமலே அவற்றை ஒரே கூட்டத்தில் வைத்தார்கள்.

நம் மண்ணோடு தொடர்புள்ள சான்று ஒன்று உண்டு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிய ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்த காலத்தில், 1904 இல், உலகுக்குத் தெரியவந்த தோரியனைற்று தோரியம் செறிந்த கனியம். அந்தத் தோரியம் நெடுங்காலம் தைத்தேனியத்தின் நிரலிலேயே எழுதப்பட்டு வந்தது. 1940களில் அமெரிக்க இரசாயனவியலாளர் சீபோர்க்கின் குழுவினர் அமெரிசியத்தையும் கியூரியத்தையும் பழைய அட்டவணையை நம்பித் தேடித் தோற்று, அவை இலந்தனைட்டுகள் எனப்படும், ஒன்றையொன்று மிக ஒத்த மூலகங்களின் வரிசையைப் போல நடக்கும் எனக் கொண்ட பின்னரே வெற்றி கண்டனர். அதனால் அட்டவணை திருத்தி வரையப்பட்டு, தோரியமும் இலந்தனைட்டுகளுக்குக் கீழே அமைந்த அத்தினைட்டு வரிசைக்குப் பெயர்ந்தது. அதன் அணுவெண் அன்றும் 90, இன்றும் 90. எண் மாறாதிருக்க இடத்தை மாற்றியது எது என்று, நடுவர் அவர்களே, எதிரணியிடம் தாங்களே கேட்டருள வேண்டும்.