அம்மம்மா காட்டிய துளை

வணக்கம் நேயர்களே.

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற காலம் இது. அதனால்தான், ஓவியமும் கலை வரலாறும் படிப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் கதைக்கும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். "படம் கீறிப் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன மாமாமார் அத்தனை பேரும் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அதைக் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் படிப்பில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று முதலில் சொல்கிறேன். காலையில் ஸ்டூடியோ. நடுவில் ஒரு மேசை, அதில் ஒரு மண்முட்டி, ஒரு செங்கல், கசங்கிய வெள்ளைத் துணி. இரண்டு கிழமைக்கு அவ்வளவுதான். நிறத்தைக் கண்ணிலும் காட்டமாட்டார்கள். நடுக்கோடு போட்டு, இடது பக்கம் ஒரு வளைவு, வலது பக்கம் அதே வளைவு என்று முட்டி கீறிப் பழகி, சாதாரண தரத்தில் சித்திரத்துக்கு ஏ எடுத்த ஆள் நான். அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சேர் வந்து பார்த்தார். "நல்ல முட்டி. ஆனால் மேசையில் இருப்பது இதில்லையே" என்றார். பிறகு எல்லாருக்கும் ஒரு பயிற்சி தந்தார்: தாளைப் பார்க்கக்கூடாது, முட்டியின் விளிம்பில் கண் எறும்பு போல ஊரவேண்டும், அதே வேகத்தில் கரி தாளில் ஊரவேண்டும்.

முடிந்தபோது எல்லாருடைய தாளிலும் மிதிபட்ட தகரப் பேணி மாதிரி ஏதோ கிடந்தது. சிரித்தோம். ஆனால் அதில்தான் அந்த முட்டியின் வாய் ஒரு பக்கம் சரிந்திருந்தது முதன்முதலாகத் தெரிந்தது. இரண்டு கிழமையாக எதிரில் இருந்த சரிவு.

மத்தியானத்துக்குப் பிறகு கலை வரலாறு. இருட்டறை, புரொஜெக்டர், தலைக்கு மேலே மின்விசிறி, வயிற்றில் சோற்றுப் பார்சல். அஜந்தாவுக்கும் சீகிரியாவுக்கும் இடையில் எங்கோ நான் நித்திரையாகிப் போன நாட்கள் பல. காலையில் செய்வது வேலை, பின்னேரம் கேட்பது கதை என்றுதான் முதல் வருடம் முழுக்க நினைத்திருந்தேன்.

மொழிப் பிரச்சினையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நான் படித்த இடத்தில் விரிவுரை சிங்களத்தில் நடக்கும், வாசிக்கத் தருவது ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர், கொப்பியின் ஓரத்தில் எங்களுக்கென்று ஒரு அகராதி எழுதிக்கொண்டு போனோம். வாரக்கணக்கில் சொல் தேடியது உண்டு. நிறமில்லாமல் கோட்டால் மட்டும் கீறிய படத்துக்கு என்ன பெயர் என்று தேடிக்கொண்டிருந்தபோது, பத்துப்பாட்டில் நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' என்று அது எங்களுக்காகவே காத்திருந்தது. நாங்கள் சாதாரணமாகச் சொல்லும் 'கீறுதல்' கூட நல்ல சொல்தான். சென்னையிலிருந்து வந்த ஒரு சிநேகிதி, "கீறினால் ரத்தம் அல்லவா வரும்" என்று சிரித்தாள். கரித்துண்டு சொரசொரத்த தாளில் இழுபடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு அவளும் அந்தச் சொல்லுக்கு மாறிவிட்டாள்.

இரண்டாம் வருடத்தில் ஒரு ஒப்படை வந்தது. கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போ, ஒரே ஒரு பொருளுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் நில், கீறு, பிறகு எழுது. அன்றைக்கு அம்மம்மாவைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போகும் முறை என்னுடையது. அதனால் அங்கிருந்து அப்படியே நூதனசாலைக்கும் கூட்டிக்கொண்டு போனேன்.

பொலன்னறுவையில் சிவன் கோயில்களை அகழ்ந்தபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த வெண்கல விக்கிரகங்கள் அங்கே இருக்கின்றன. சோழர் ஆட்சியும் அதன் தொடர்ச்சியும் இந்தத் தீவில் விட்டுச்சென்றவை. அம்மம்மா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காவலாளி ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு அது பழக்கம் போல. கும்பிட்டு முடித்த அம்மம்மா என்னைப் பார்த்து, "ஏன் பிள்ளை, சுவாமிக்கு ஒண்டும் உடுத்தேல்லை?" என்று கேட்டார். பிறகு குனிந்து, ஒரு பீடத்தின் பக்கத்தில் இருந்த துளையைக் காட்டினார். "இதுக்குள்ளதான் தடி செருகிக் கட்டுறது. வீதி வலம் வாற சுவாமி இது."

நான் அரை மணித்தியாலமாக முகத்தையும் கைவிரலையும் கீறிக்கொண்டிருந்தேன். துளை என் தாளில் இல்லை.

செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து ஆடிவேல் ரதம் புறப்படும்போது காலி வீதியில் நின்று பார்த்து வளர்ந்தவர் அம்மம்மா. பட்டும் பூமாலையும் மூடி, முகம் மட்டும் தெரிகிற சுவாமிதான் அவருக்குச் சுவாமி. நூதனசாலை அதையெல்லாம் களைந்து, விளக்குப் போட்டு, உடம்பின் வளைவைப் பார் என்கிறது. செய்தவருக்கு இரண்டும் தெரிந்திருக்கவேண்டும்: மூடப்போகிற உடம்பையும் அவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார். ஒரு விக்கிரகம் எங்கே நின்றது, யார் தூக்கினார்கள், எப்போது மூடினார்கள், யார் திறந்தார்கள் என்று கேட்பதுதான் கலை வரலாறு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு பின்னேர வகுப்பில் நித்திரை வரவில்லை. சரி, குறைவாக வந்தது.

மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும், அதாவது கை கற்றுத்தருகிற வரலாறு. சிற்ப வகுப்பில் மெழுகு வார்ப்புச் செய்தோம். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிக் காயவிட்டு, சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்துக்குள் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைக்கவேண்டும். அச்சு உடைந்துபோவதால் ஒன்றைப்போல இன்னொன்று வராது. நான் ஒரு சின்னக் கை செய்தேன். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி விட மறந்துவிட்டேன். உடைத்துப் பார்த்தால் உள்ளங்கை இருக்கிறது, மூன்று விரல் இல்லை.

அந்த மொட்டைக் கையைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பவும் நூதனசாலைக்குப் போனேன். அங்கே காரைக்கால் அம்மையார் இருக்கிறார். பெரியபுராணத்தில் அழகான புனிதவதியாகத் தொடங்கி, இந்த உடம்பு வேண்டாம், பேயுருத் தா என்று இறைவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டவர். வற்றிய மார்பு, எண்ணக்கூடிய விலா எலும்பு, கையில் தாளம். அந்த மெல்லிய கையின் நுனிவரை உலோகம் ஓடியிருக்கிறது. பக்தி, சோழர் காலம், பொலன்னறுவை எல்லாம் குறிப்பில் முதலே எழுதி வைத்திருந்தேன். மூன்று விரலைத் தொலைத்த பிறகுதான் அந்தக் கையைக் கண்டேன்.

இந்த வழியில் எங்களுக்கு முன்னே போன ஒருவர் கொழும்பில் பிறந்தவர்தான். நூதனசாலை திறந்த அதே 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. படித்தது தாவரவியலும் புவிச்சரிதவியலும், இங்கே வந்து பார்த்த உத்தியோகம் கனிப்பொருள் அளவை. கல்லைத் தேடிப் போன ஊர்களில் கைவினைஞர்களிடம் போய் நின்று, எந்த நிறத்தை எதிலிருந்து எடுக்கிறார்கள், எந்த உளியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அதிலிருந்துதான் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய 1908ஆம் ஆண்டு நூல் வந்தது. இந்த நூதனசாலை வெண்கலங்களைப் பற்றியும் 1914இல் ஒரு நூல் எழுதினார். தேசிய கலாபவனம் இருக்கும் தெருவுக்கு அவருடைய பெயர்தான். 1993இல் தொடங்கிய 'கலா பொல' ஓவியச் சந்தை கூடுவதும் அந்தத் தெருவில்தான். பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போங்கள், படத்தை விற்கிற மனிசரோடு அவர்கள் நேரே கதைக்கட்டும்.

இன்னும் இரண்டு இடம். பொரளை கோதமி விகாரையில் ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939, 40இல் தீட்டிய சுவரோவியங்கள். அந்தக் கோடுகளைப் பார்த்துக் கீறிப் பாருங்கள், மணிக்கட்டால் முடியாது, தோளிலிருந்து கை அசையவேண்டும். மற்றது பாண்ஸ் பிளேசில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு, இப்போது சப்புமல் மன்றம். 1943இல் கூடிய '43 குழு' ஓவியர்களின் படங்கள் அங்கே வீட்டுச் சுவரில் தொங்குவது போலவே தொங்குகின்றன. பாடப்புத்தகத்தில் முத்திரை அளவில் பார்த்த படத்துக்கு முன்னால் நிற்கும்போதுதான் சாயம் எவ்வளவு தடிப்பு என்று தெரியும்.

விண்ணப்ப விஷயம் சுருக்கமாக. ஹோர்ட்டன் பிளேசில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தின் கட்புலக் கலைப் பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் தமிழ்ச் சூழலில் படிக்கலாம். வெட்டுப்புள்ளி மட்டும் போதாது, செயன்முறைப் பரீட்சையும் இருக்கும். அதற்கு அழகான படங்களை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். செலவு உண்டு. இறக்குமதி இறுகிய 2022இல் என் மாணவர்கள் பால்மா டின்னுக்குள் மெல்லிய தடிகளை அடைத்து, மூடியில் ஆணித்துளை போட்டு, அடுப்பில் சுட்டுத் தங்களுக்கு வேண்டிய கரியைத் தாங்களே செய்தார்கள். நல்ல கரி.

மாமாமாரின் கேள்விக்கு வருகிறேன். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள். இருவர் விளம்பர நிறுவனத்தில். ஒருத்தி பழைய சுவரோவியங்களைப் பாதுகாக்கும் வேலையில். ஒருவர் வங்கியில், சந்தோஷமாகத்தான் இருக்கிறார். படத்தை விற்று மட்டும் குடும்பம் நடத்துகிறவர் எங்கள் வகுப்பில் ஒரே ஒருவர். இதைக் கேட்டும் பிள்ளை போகத்தான் வேண்டும் என்று நின்றால், விடுங்கள்.

நூதனசாலைக்குப் போவதென்றால் வீட்டில் இருக்கும் வயதானவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பென்சிலும் ஒரு சின்னக் கொப்பியும் போதும். வெண்கலத்துக்கு முன்னால் நின்றால் முகத்தில் தொடங்கவேண்டாம். பீடத்திலிருந்து மேலே போங்கள்.

நன்றி, வணக்கம்.