தாய்க்கும் சேய்க்கும் ஒரே இடக்குறி

வணக்கம் நேயர்களே. யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஒரு செயல்முறை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், ஃபோர்க் என்ற அழைப்பை விடுத்தால், அச்சு அசலாக இன்னொன்று பிறக்கிறது. தாய், சேய் என்போம். நினைவகம் சேய்க்குத் தனி. தாய் பிறகு ஒரு மாறியை மாற்றினால் சேய்க்குத் தெரியாது. திறந்துவைத்த கோப்புகளின் கதை வேறு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

திறந்த கோப்பை ஒரு செயல்முறை எண்ணால் அறியும். 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச் செய்தி. அந்த எண்தான் ஃபைல் டிஸ்கிரிப்டர். எண்களின் பட்டியல் சேய்க்கும் பிரதியாகக் கிடைக்கிறது. ஆனால் எண் சுட்டும் பதிவேடு, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் ஒன்றுதான். கோப்பில் எதுவரை வந்தோம் என்ற இடக்குறி அங்கே இருக்கிறது. கோப்பின் தொடக்கத்தில் சேய் 100 பைட் படித்தால், தாய் அடுத்துப் படிப்பது 101ஆவது பைட்டை. பட்டியல் இரண்டு, இடக்குறி ஒன்று. மனத்தில் வையுங்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? எனக்கு மிகவும் பிடித்த கதை இது. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டெனிஸ் ரிச்சியே எழுதிவைத்திருக்கிறார். பெல் ஆய்வகத்தில், பிடிபி-7 கணினியில் யுனிக்ஸ் தவழ்ந்துகொண்டிருந்த நாட்கள். இடக்குறி அப்போது அந்தந்தச் செயல்முறைக்குள்ளேயே இருந்தது. ஒரு கோப்பில் இரண்டு கட்டளைகள்: முதலில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ், அடுத்து யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் ஹூ. கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல், அவற்றை வரிசையாக ஓட்டி, வெளியீட்டை ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். எல்எஸ் ஒழுங்காக எழுதிவிட்டு முடிந்தது. ஷெல்லின் சொந்த இடக்குறியோ நகரவே இல்லை, பூஜ்யத்திலேயே நின்றது. அதைப் பிரதியெடுத்துப் பிறந்த ஹூ, முதல் பைட்டிலிருந்து எழுதி, எல்எஸ் எழுதியதை அழித்தது! இடக்குறிகளைச் செயல்முறைகளுக்கு வெளியே, தனி அட்டவணையில் வைத்த பிறகே சிக்கல் தீர்ந்தது. இன்று நாம் எழுதும் ஒவ்வொரு ஷெல் ஸ்கிரிப்டும் அந்த அட்டவணையை நம்பித்தான் ஓடுகிறது. நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும்: சேய் அதே கோப்பைத் தானாக மறுபடி திறந்தால், புது இடக்குறி பிறக்கும். ஃபோர்க் வழியாக வந்தால் பங்கு.

நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். பைப், அதாவது ஒரு முனையில் எழுதுவதை மறுமுனையில் படிக்கும் குழாய், அதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், ஒன்று மட்டும். எழுதும் முனைகள் அனைத்தும் மூடப்பட்டால்தான் படிப்பவருக்கு முடிவு தெரியும். ஃபோர்க்குக்குப் பின் அந்த முனை சேயிடமும் இருக்கிறது. படிக்கப்போகும் சேய் தன் எழுதும் முனையை மூட மறந்தால், தாய் மூடிய பிறகும் காத்தே கிடக்கும். ஃபோர்க் முடிந்ததும் வேண்டாத முனைகளை முதலில் மூடுங்கள். நன்றி, வணக்கம்.