ஃப்ளைட்ல ஹெட்போன்: ரெண்டு ஓட்டை ஜாக்ல இருந்து ப்ளூடூத் வரைக்கும்

வணக்கம் மக்களே. ஃப்ளைட்ல உக்காந்து ஹெட்போனைச் சொருகுறோம், ஒரு காதுல மட்டும் கேக்குது. இல்லேன்னா மியூசிக் வருது, பாடுறவங்க குரலைக் காணோம். ரெண்டுக்குமே பெரும்பாலும் ஹெட்போன் மேல தப்பு கிடையாது, சொருகுற இடத்துலதான் சிக்கல். அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கிறேன்.

இதை கேமராகிட்ட காட்டுறேன், பாருங்க. ஏர்லைன் அடாப்டர். இந்தப் பக்கம் ரெண்டு பின், அந்தப் பக்கம் நம்ம வழக்கமான 3.5 மில்லிமீட்டர் ஓட்டை. பழைய சீட்ல கைப்பிடியில ரெண்டு ஓட்டை பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஒண்ணுல இடது சத்தம், இன்னொண்ணுல வலது சத்தம். உங்க ஒத்தைப் பின்னை அதுல எதுல சொருகினாலும் பெரும்பாலும் இடது காதுலதான் கேக்கும். ஏன்னா பின்னோட நுனிதான் இடது காதுக்குப் போற வழி, ஓட்டைக்குள்ள அந்த நுனிக்கு மட்டும்தான் சத்தம் கிடைக்குது. இந்த அடாப்டர் ரெண்டையும் சேர்த்துக் கொடுத்துடும். வாங்கும்போது ஒரு பின் மடங்குற மாதிரி இருக்கிறதை வாங்குங்க, ஒத்தை ஓட்டை சீட்லயும் அதே உதவும். அடாப்டர் இல்லேன்னா ரெண்டு ஓட்டையிலயும் ஒரு தடவை சொருகிப் பாத்துடுங்க. சில சீட்ல ஒண்ணு மட்டும் முழு ஸ்டீரியோவா, அதாவது இடது வலது ரெண்டும் சேர்ந்து இருக்கும். மூணாவதா ஒரு ஓட்டை இருந்தா கண்டுக்காதீங்க. அது ஏர்லைன் கொடுக்கிற நாய்ஸ் கேன்சலிங், அதாவது வெளி இரைச்சலை அடக்குற ஹெட்போனுக்குக் கரண்ட் கொடுக்க.

புது சீட்ல ஒரே ஓட்டைதான், சாதாரண ஸ்டீரியோ. நேரா சொருகலாம்.

இப்போ குரல் காணாமப் போற கதை. உங்க ஒயரோட பின்னைப் பாருங்க. கோடு ரெண்டு இருந்தா வெறும் ஹெட்போன். மூணு கோடு இருந்தா மைக்கும் சேர்ந்தது. மூணு கோடு பின்ல கடைசிப் பட்டை மைக்குக்கு, அதுக்கு முந்தினது கிரவுண்டு, அதாவது ரெண்டு காதுக்கும் பொதுவா கரண்ட் திரும்பிப் போற வழி. சீட் ஜாக்ல இருக்கிற கிரவுண்டு தகடு அந்தக் கடைசிப் பட்டையைத் தொட்டுட்டா, ரெண்டு காதுக்கும் திரும்பிப் போற வழி இல்லாமப் போயிடும். அப்போ இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேக்கும். குரல் ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கிறதால ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு மறைஞ்சுடும். சந்தேகமா இருந்தா ஒயர்ல போன் எடுக்கிறதுக்கு இருக்கிற பட்டனை அமுக்கிப் பிடிங்க. குரல் திரும்பி வந்தா இதேதான் காரணம், ஏன்னா அந்தப் பட்டன் மைக்கையும் கிரவுண்டையும் சேர்க்குது. படம் முடியுற வரைக்கும் அமுக்கிட்டு உக்கார முடியாது இல்லையா? பின்னை ஒரு மில்லிமீட்டர் வெளிய இழுத்து விடுங்க. கழட்டுற ஒயர்னா ரெண்டு கோடு ஒயர் ஒண்ணு பையில இருக்கட்டும், பிரச்சனையே வராது.

கரகரன்னு சத்தம் வந்தா ஜாக் உள்ள இருக்கிற ஸ்பிரிங் தேஞ்சுபோயிருக்கு. பின்னை மெதுவா சுத்தி, சத்தம் சரியாகிற இடத்துல நிறுத்துங்க. அப்பவும் சரியாகலேன்னா க்ரூகிட்ட சொல்லுங்க, சீட்டோட சிஸ்டத்தை ரீசெட் பண்ணச் சொல்லிக் கேக்கலாம். ஜாக் உடைஞ்சிருந்தா ரீசெட்டுக்கும் மசியாது, வேற சீட் காலியா இருக்கான்னு பாக்கணும்.

சைடுல ஒரு விஷயம். 1960-கள்ல வந்த ஹெட்செட்ல ஒயரே கிடையாது. ஸ்பீக்கர் கைப்பிடிக்குள்ள இருக்கும், டாக்டர் ஸ்டெதாஸ்கோப் மாதிரி வெறும் ரப்பர் குழாய் வழியா காத்துல சத்தம் வரும். அப்புறம்தான் எலக்ட்ரானிக் ஹெட்போன் வந்துச்சு. 1978-ல சூரிச்ல இருந்து கிளம்பின ஃப்ளைட்ல அப்படி ஒண்ணை மாட்டின, போஸ் கம்பெனியை ஆரம்பிச்ச அமர் போஸ், எஞ்சின் இரைச்சல்ல ஒண்ணுமே ரசிக்க முடியலன்னு அங்கேயே உக்காந்து கணக்குப் போட ஆரம்பிச்சார். இன்னிக்கு நாம மாட்டுற நாய்ஸ் கேன்சலிங்குக்கு அவர் போட்ட அந்தக் கணக்கு ஒரு முக்கியமான தொடக்கம்.

அந்த இரைச்சல்தான் அடுத்த விஷயம். மேல பறக்கும்போது கேபின்ல சுமாரா 80-ல இருந்து 85 டெசிபல் ஓடிக்கிட்டே இருக்கும். வசனம் புரியணும்னா அதுக்கும் மேல வால்யூம் வைக்கணும். வேலை இடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரை 85 டெசிபல்ல 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-ல 4 மணி, 91-ல 2 மணி. ஒரு நீளமான ஃப்ளைட்ல சாதாரண இயர்போனை ஃபுல்லா வைக்கிறவங்களுக்கு இந்த அளவு ஈஸியா தாண்டிடும்.

அதனால முதல்ல இரைச்சலைக் குறைங்க, வால்யூமை அப்புறமா தொடுங்க. நாய்ஸ் கேன்சலிங் அந்த 'ஊம்'னு ஓடுற அடி ஓசையை நல்லா வெட்டும். குழந்தை அழுகை, பேச்சுச் சத்தம் மாதிரி மேல் ஓசைக்கு அது அவ்வளவு உதவாது, காதை மூடுற ரப்பர் டிப்போ குஷனோதான் அதைத் தடுக்கும். காதுக்குப் பொருந்தாத டிப் போட்டா எவ்வளவு விலை உயர்ந்த இயர்பட்டும் வீண். அளவு மாத்திப் பாருங்க. வலது காதுக்கும் இடது காதுக்குமே வேற வேற அளவு தேவைப்படலாம். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தா பெரிய ஹெட்போனோட குஷன்ல கண்ணாடிக் கம்பி ஒரு இடைவெளி விடும், அது வழியா இரைச்சல் உள்ள வரும்.

ப்ளூடூத் ஹெட்போன் மட்டும்தான் இருக்கா? சில புது சீட்ல ஸ்கிரீன்லயே ப்ளூடூத் மெனு இருக்கும். இல்லேன்னா இந்தக் குட்டி டிரான்ஸ்மிட்டர், சீட் ஜாக்ல சொருகினா சத்தத்தை ப்ளூடூத்ல ஹெட்போனுக்கு அனுப்பும். முதல்ல போன்ல ப்ளூடூத்தை ஆஃப் பண்ணுங்க. இதை விட்டுட்டுத்தான் நிறைய பேர் தடுமாறுறாங்க, ஏன்னா ஹெட்போன் பழக்கமான போனோடவே ஒட்டிக்கும். அடுத்து ஹெட்போனை பேரிங் மோடுக்கு, அதாவது புதுசா ஒண்ணோட சேரத் தயாரா இருக்கிற நிலைக்குக் கொண்டு போங்க. டிரான்ஸ்மிட்டர் பட்டனை அமுக்கிப் பிடிச்சா லைட் வேகமா மின்னும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. இதை வீட்டுலயே செஞ்சு வச்சுடுங்க. ஃப்ளைட்ல சுத்தி நிறைய பேர் பேரிங் மோடுல இருப்பாங்க, யார் ஹெட்போனோடயோ போய் ஒட்டிக்கும்.

டிரான்ஸ்மிட்டரை நேரா சொருகினா அதோட எடையே ஜாக்கை இழுக்கும், முழங்காலும் இடிக்கும். பத்து சென்டிமீட்டர் ஒயர் ஒண்ணு நடுவுல போடுங்க. உதடு ஒண்ணு அசைய, வசனம் பின்னாடி வந்தா அது கோடெக், அதாவது ப்ளூடூத்ல சத்தத்தைச் சுருக்கி அனுப்புற முறையோட விவகாரம். எஸ்பிசி-ங்கிற சாதாரண கோடெக்ல கால் வினாடி வரைக்கும் தாமதம் வரலாம். ஏபிடிஎக்ஸ் லோ லேட்டன்சிங்கிற கோடெக் டிரான்ஸ்மிட்டர், ஹெட்போன் ரெண்டு பக்கமும் இருந்தா அது சுமாரா 40 மில்லிசெகண்டுக்கு வந்துடும், கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும்னு சொன்னதைக் கவனிங்க, ஒரு பக்கம் மட்டும் இருந்தா பிரயோஜனம் இல்ல. பாட்டு மட்டும் கேக்கிறவங்க இதைப் பத்திக் கவலையே படவேண்டாம்.

சீட் வால்யூமை எப்பவும் அடியில இருந்து ஏத்துங்க. நடுவுல கேப்டன் பேசினா படம் நின்னு, அந்த அறிவிப்பு அதோட சொந்த வால்யூம்ல காதுக்குள்ள வரும். நல்ல ஹெட்போன்ல அது அறையும். சீட்ல நடுத்தரமா வச்சு, ஹெட்போன்ல தனியா வால்யூம் கண்ட்ரோல் இருந்தா அதுல குறைச்சு வச்சுக்கிட்டா அறிவிப்பும் அடங்கி வரும்.

ஸ்கிரீனே இல்லாத ஃப்ளைட்ல விமானத்துக்குள்ள இருக்கிற சர்வர்ல இருந்து வைஃபை வழியா போன்ல பாக்கலாம், கேக்கலாம். இதுக்கு இன்டர்நெட் தேவையில்ல. ஆனா ஆப் கேட்டா தரையிலேயே இறக்கியிருக்கணும். 'இந்த வைஃபைல இன்டர்நெட் இல்ல'ன்னு போன் கேட்டா, இதுலயே இருன்னு சொல்லுங்க. போன்ல விபிஎன் ஆன்ல இருந்தா அந்தப் பக்கம் திறக்காமப் போகலாம்.

நம்பகமானது என்னவோ சொந்த டவுன்லோடுதான். 128 கேபிபிஎஸ் ஒலி ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 58 எம்பி, 320-னா 144 எம்பி. பேச்சுக்கும் ஒலிப்புத்தகத்துக்கும் 64 போதும். ஸ்பாட்டிஃபை பிரீமியம்ல இறக்கின பாட்டு ஓடணும்னா 30 நாளைக்கு ஒரு தடவையாவது ஆன்லைன்ல வரணும். கிளம்புறதுக்கு முன்னாடி ஃப்ளைட் மோடு போட்டு, நாலஞ்சு ஃபைலை ஓட்டிப் பாத்துடுங்க. லிஸ்ட்ல பேர் இருக்கும், ஃபைல் பாதிதான் இறங்கியிருக்கும்.

இறங்கும்போது காது அடைச்சா இறுக்கமான டிப்பைக் கழட்டிட்டு எச்சில் முழுங்குங்க.

கடைசியா, இயர்பட் சீட்டு இடுக்குல விழுந்துட்டா சீட்டை சாய்க்கவும் கூடாது, நிமிர்த்தவும் கூடாது. உள்ள இருக்கிறது லித்தியம் பேட்டரி, சீட்டோட உலோகப் பாகம் அதை நசுக்கினா சூடாகி தீப்பிடிக்கலாம். கையை விட்டுத் துழாவாம, அப்படியே உக்காந்த இடத்துல இருந்து, க்ரூவைக் கூப்பிட சீட்ல இருக்கிற பட்டனை அமுக்குங்க.