வாரண்டி முடிந்த பின் மின்சாரக் கார் பழுது

நேயர்களுக்கு வணக்கம். மின்சாரக் காரின் பெரிய பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை, பல நிறுவனங்கள் வாரண்டி தருகின்றன. அந்த எல்லையைக் கடந்த வண்டி ஒருநாள் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டால், சர்வீஸ் சென்டரிலிருந்து "பேட்டரி பேக் மாற்ற வேண்டும்" என்ற ஒற்றை வரியோடு சில லட்ச ரூபாய்க்கு எஸ்டிமேட் வருகிறது.

அந்த ஒற்றை வரியை அப்படியே ஏற்கத் தேவையில்லை. பேட்டரி பேக்குக்குள் வரிசையாக இணைக்கப்பட்ட செல்களில் ஒரு குழுவின் மின்னழுத்தம் இறங்கினாலும் கட்டுப்பாட்டு அமைப்பு சார்ஜைத் தடுத்துவிடும். 12 வோல்ட் சிறிய பேட்டரி நலிந்தால்கூடத் திரையில் எச்சரிக்கைகள் அடுக்கடுக்காகத் தோன்றும். ஆகவே பழுதுக் குறியீடுகளும் செல் குழுக்களின் மின்னழுத்தமும் அடங்கிய ஸ்கேன் அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கழற்றிய பாகத்தை அப்புறப்படுத்தக் கூடாது என்பதையும், வேலைக்குச் சம்மதிக்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அது பழைய இரும்போடு போய்விட்டால் சான்றும் அதோடு போய்விடும்.

வாரண்டி முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால், மறைந்திருந்த உற்பத்திக் குறை பற்றி முறையிடும் வழி அடைபட்டுவிடாது. ஆனால் குறை தொடக்கத்திலேயே இருந்தது என்று காட்டும் பொறுப்பு வாங்கியவருடையது. இங்கேதான் பழைய ஜாப் கார்டுகள், அதாவது வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது நாம் சொல்லும் குறைகளை எழுதித் தரும் தாள்கள், பேசும். வாரண்டி நடப்பில் இருந்தபோதே "80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறவில்லை" என்று நாம் சொன்னது அதில் பதிவாகியிருந்தால், வழக்கின் பாதி பலம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் நாம் என்ன சொன்னாலும் "ஜெனரல் செக்கப்" என்று எழுதிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு; கையெழுத்திடும் முன் அதைத் திருத்தச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

டீலர் கைவிரித்தால், தயாரிப்பு நிறுவனத்துக்கே எழுதிச் செலவில் பங்கேற்கக் கேட்கலாம். அவசரத்துக்குப் பணம் கட்ட நேர்ந்தால், ஆட்சேபத்துடன் கட்டுவதாக எழுதிக் கட்டுவது நல்லது. அடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சோதனையின்றிக் கண்டறிய முடியாத குறை என்றால், ஆணையம் உரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை முறையிடுபவரே முதலில் செலுத்த வேண்டியிருக்கும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய காருக்கு மனுக் கட்டணம் 400 ரூபாய்தான். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும் என்பதால், டீலரோடு நடக்கும் மின்னஞ்சல் பேச்சிலேயே அந்தக் காலத்தைக் கரைத்துவிடக் கூடாது.