சந்திக்கடையும் அதன் பின்னால் ஒரு பலகை வீடும்

வணக்கம் நேயர்களே. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகரான பிரிஸ்பேனின் பழைய பகுதிகளில், பாடிங்டன், வெஸ்ட் எண்ட் பக்கம் நடந்து போனால், நடைபாதையைத் தொட்டபடி ஒரு சின்னப் பலகைக் கடையும் அதன் முதுகில் ஒட்டிய வீடும் கண்ணில் படும். பல கடைகள் இப்போது கோப்பிக்கடையாகிவிட்டன. சில யாரோ ஒருவரின் படுக்கையறை. மாளிகைகளைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய உண்டு. எனக்குத் தந்த நேரத்தை இந்தக் கடைவீட்டுக்கே கொடுத்துவிடுகிறேன்.

வீடு யூகலிப்டஸ் கட்டைக்கால்களில் நிற்கும். ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு தகரத் தொப்பி. கறையான் அதைத் தாண்டவேண்டுமானால் வெளிப்புறமாக மண்புற்று கட்டியே ஏறவேண்டும், அப்போது பிடிபட்டுவிடும். சுவரோ பல இடங்களில் ஒரே பலகைத் தடிப்புத்தான். ஒன்றுக்குள் ஒன்று பூட்டிய பைன் பலகைகள், அவற்றைத் தாங்கும் சட்டம் ஒரு பக்கத்தில் அப்படியே தெரியும். மேலே நெளித்தகரம். மலிவு, வேகம், காற்றோட்டம். தேவையென்றால் வீட்டையே தூக்கி லொறியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம், இன்றும் கொண்டுபோகிறார்கள்.

வீடு தெருவிலிருந்து சற்றுத் தள்ளி நிற்க, கடை மட்டும் காணியின் எல்லைவரை முன்னே வந்துவிடும். கூரையை மறைத்து உயரமான பலகை முகப்பு, விளம்பரம் எழுத அதுதான் இடம். நடைபாதைக்கு மேலே தூண் வைத்த தகரப் பந்தல். கடைக்குப் பெரிய கண்ணாடி யன்னல், வீட்டுக்குச் சின்ன யன்னல். காசு எந்தப் பக்கத்தால் வரும் என்று தச்சனுக்குத் தெரிந்திருக்கிறது!

இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. குசினியில் வேலையாக நின்றவர் ஆள் வந்த சத்தம் கேட்டதும் அதனூடாகத்தான் கடைக்கு வருவார். குளிர்சாதனப் பெட்டிக்கு முந்திய ஐஸ் பெட்டிக் காலத்தில் பாலும் வெண்ணெயும் அன்றாடம் வாங்கவேண்டியவை. கார் வைத்திருந்தவர்களும் குறைவு. அதனால் இப்படி ஒரு கடை நடந்துபோகும் தூரத்தில் இருந்தாகவேண்டும். 1957இல் புறநகரான செர்ம்சைடில் கார் நிறுத்துமிடத்தோடு பெரிய அங்காடி வந்தது. 1969இல் டிராமும் நின்றது. அதற்குப் பிறகு சந்திக்கடைக்கு யார் வருவார்?

குயின்ஸ்லாந்தின் மேரிபரோ என்ற ஊரில் பிரெனன், ஜெராட்டி என்ற மச்சான்மார் இருவர் 1871இல் தொடங்கிய மளிகைக்கடை ஒன்று தப்பியிருக்கிறது. நான் சொல்லும் கடைகளைவிடப் பெரியது, ஆனால் குடும்பக் கடைதான். குடும்ப வீடும் அருகிலேயே. 1972இல் கதவைச் சாத்தியபோது விற்காத சரக்கையும் கணக்குப் புத்தகங்களையும் அப்படியே விட்டிருந்தார்கள். 1975இல் குயின்ஸ்லாந்து தேசிய அறக்கட்டளை அதை வாங்கியது, இப்போது அருங்காட்சியகம். 1890களின் கறித்தூள்கூட அங்கே இருக்கிறது. மணந்து பார்க்க விடுவார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மற்றக் கடைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிரிஸ்பேனில் 1979இல் பழைய பெல்வியூ ஹோட்டலையும் 1982இல் கிளவுட்லாண்ட் நடன மண்டபத்தையும் இரவோடிரவாக இடித்ததில் மக்களுக்கு எழுந்த கோபம் அடங்காமல், 1992இல் மாநில மரபுரிமைச் சட்டமும் காக்கவேண்டிய இடங்களின் பட்டியலும் வந்தன. அந்தப் பட்டியலில் சேராத, 1946க்குள் கட்டிய சாதாரண வீடுகளில் பலவற்றைப் பிரிஸ்பேன் மாநகரசபையின் விதிகள் காக்கின்றன. ஆனால் அவை பார்ப்பது தெருவுக்குத் தெரியும் முகத்தை. உள்ளே சரக்குத் தட்டும் விற்பனை மேசையும் அந்த நடுக்கதவும் போய்விட்டால் கேட்க ஆளில்லை. என்னைக் கேட்டால், முகப்பைவிட அந்தக் கதவுதான் பெரிய சொத்து. வாழ்க்கையும் வியாபாரமும் ஒரே கூரைக்குக் கீழ் நடந்ததற்குச் சாட்சி அதுதான்.

இப்படி ஒரு வீட்டை வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய பூச்சைப் பரிசோதிக்காமல் தேய்க்காதீர்கள். விறாந்தைக் கம்பிகளில் பூசிய ஈயப் பூச்சுத்தான் பிள்ளைகளின் உடலில் நஞ்சேற்றுகிறது என்று லொக்ஹார்ட் கிப்சன் என்ற பிரிஸ்பேன் கண் மருத்துவர் 1904இலேயே எழுதினார். பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடங்களில் அதைப் பூசுவதற்குச் சட்டத்தில் தடை வர 1922 ஆகிவிட்டது.

வீட்டில் முன்பு யார் கடை வைத்திருந்தார் என்று அறிய விரும்பினால், 1949 வரை வெளிவந்த குயின்ஸ்லாந்து அஞ்சலக முகவரி ஏடுகளை மாநில நூலகத்தில் கேளுங்கள். தெருவாரியாகப் பெயர்கள் இருக்கும், பலருக்குத் தொழிலும் எழுதியிருக்கும். ஒவ்வோர் ஆண்டாகப் பின்னால் புரட்டிக்கொண்டு போனால், கடை எந்த ஆண்டில் கைமாறியது என்பதும் ஓரளவு பிடிபடும். நன்றி, வணக்கம்.